ஒரு நிமிஷ அக்கா

"உக்காராதீங்க. ஒரு நிமிஷம்."

நாற்காலியைத் துடைத்து முடித்த கையோடு அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்கிறாள். கிருமிநாசினி பட்ட இடம் ஈரமாக மினுங்குகிறது. உட்காரப் போன பெரியவர் முழங்காலைப் பாதி மடக்கியபடி அந்தரத்தில் நிற்கிறார்.

"அதான் துடைச்சிட்டீங்களேம்மா, அப்புறம் என்ன?"

"துடைச்சா ஆச்சா? ஈரம் ஒரு நிமிஷம் நிக்கணும். அப்பத்தான் கிருமி சாகும். இப்பவே உக்காந்தா கிருமியும் சாகாது, உங்க பேண்ட்டும் நனையும்."

நொடி முள் ஒரு சுற்றைச் சாவகாசமாக முடித்துக்கொண்டு வருகிறது. "ம், இப்ப உக்காருங்க" என்கிறாள், என்னவோ அரியணை ஏற்றி வைப்பவள் மாதிரி. பெரியவர் உட்கார்ந்த பிறகும் கொஞ்ச நேரம் சந்தேகமாகவே இருக்கிறார்.

இரண்டு அறை, ஒரு நடை, ஒரு பின்வாசல், ஒரு டாக்டர். அவ்வளவுதான் அந்தக் கிளினிக். அக்கா அங்கே பத்தொன்பது வருஷமாக நர்ஸ். சட்டையில் பெயர் அட்டை பளிச்சென்று குத்தியிருக்கிறாள். அதை யாரும் படிப்பதில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் அவள் 'ஒரு நிமிஷ அக்கா'தான். நாற்காலி, கதவுக் கைப்பிடி, இரத்த அழுத்தக் கருவி, டாக்டரின் பேனா என்று எதைத் துடைத்தாலும் கையைக் கட்டிக்கொண்டு ஒரு நிமிஷம் நிற்பாள். டாக்டர் ஒருநாள் வேலை இல்லாத வேளையில் கணக்குப் போட்டுப் பார்த்தார். "சிஸ்டர், வருஷத்துல எட்டு நாள் நீங்க சும்மா நிக்கிறீங்க தெரியுமா?" என்றார். "அந்த எட்டு நாள் நான் நிக்கிறதாலதான் நீங்க மிச்ச நாள் படுக்காம இருக்கீங்க" என்றாள் அக்கா. அதோடு டாக்டர் கணக்குப் போடுவதை விட்டுவிட்டார்.

டாக்டர் அவளைவிட எட்டு வயது இளையவர். அழகாகத் தாடி வைத்திருந்தார். தாடி இருந்தால் முகக்கவசம் கன்னத்தோடு ஒட்டாது, ஓரத்தில் காற்று புகும் என்று சுகாதாரத் துறையின் சுற்றறிக்கையில் ஒரு வரி வந்தது. அவ்வளவுதான், அக்கா அந்த வரியைச் சிவப்பு மையால் வட்டமிட்டு டாக்டரின் மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகிவிட்டாள். அவர் பார்க்காத மாதிரி இருந்தார். மறுநாள் அதே காகிதம் அவருடைய சாப்பாட்டு டப்பாவின் மேல் ஒட்டியிருந்தது. மூன்றாம் நாள் தாடி இல்லாமல் வந்தார். அவர் மனைவி ஃபோனிலேயே சண்டைக்கு வந்தாளாம். "தாடி வேணுமா, புருஷன் வேணுமான்னு யோசிச்சு சொல்லுங்க" என்று அக்கா பதில் சொன்னாளாம். வரவேற்பு மேசையில் இருப்பவள்தான் இதை எல்லோரிடமும் பரப்பியவள்.

அந்த மேசைக்காரி அக்காவுக்குப் பதினைந்து வருஷச் சிநேகிதி. கேலி பண்ணுவதற்கென்றே பிறந்தவள். அவளுக்கு அக்கா கொடுத்திருக்கும் உபரி உத்தியோகம் ஒன்று உண்டு: பாதுகாப்பு உடுப்பைக் கழற்றும்போது எட்ட நின்று பட்டியலை வாசிப்பது. "போடறது சுலபம். கழட்டும்போதுதான் ஆள் மாட்டுவான்" என்பது அக்காவின் கட்சி. காய்ச்சல்காரர்களைப் பின்வாசல் வழியாக வரச்சொல்லி, காற்றோட்டமான நடையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, சோதனைக்கு மூக்கில் சளி எடுத்து அனுப்பிவிட்டு, அக்கா கதவருகே வந்து நிற்பாள். மேசைக்காரி கொட்டாவி விட்டுக்கொண்டே பஸ் நிறுத்தங்களைச் சொல்லும் நடத்துனர் மாதிரி வாசிப்பாள்: "கிளவுஸ். கை. கவுன். கை. கண்ணாடி. கை. மாஸ்க். கை." ஒவ்வொரு 'கை'க்கும் அக்கா கையைக் கழுவியாக வேண்டும். வீட்டில் மழைக்கோட்டைக்கூட அவள் உள்பக்கம் வெளியே வரும்படி சுருட்டித்தான் கழற்றுவாள். "மழைக்கு என்ன தொத்து வியாதி?" என்று அவள் கணவர் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார்.

அவருக்குப் போன குளிர்காலத்தில் காய்ச்சல் வந்தது. கட்டின புருஷன், பின்வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அக்கா எதிரே நின்று, "பேரு, பிறந்த தேதி, நீங்களே உங்க வாயால சொல்லுங்க" என்றாள். சளி எடுத்துப் போடும் குழாயில் பெயரை எழுதி ஒட்டிய பிறகுதான் பஞ்சுக் குச்சி மூக்கைத் தொடும். அதுவும் நோயாளியே சொன்ன பெயராக இருக்க வேண்டும். "உனக்குத் தெரியாதா?" என்றார் மனிதர். "எனக்குத் தெரியும். குழாய்க்குத் தெரியாது. சொல்லுங்க." சொல்லித் தொலைத்தார். அடுத்து எல்லோருக்கும் சொல்லும் அதே வசனத்தை அவருக்கும் சொன்னாள்: "மூக்குல தண்ணி ஏறுன மாதிரி இருக்கும், அவ்ளோதான். தலையப் பின்னால இழுக்காதீங்க. இழுத்தா நானும் பின்னாலயே வருவேன்."

இருமலுக்கு அவள் பெரிய ரசிகை. நடையின் அந்தக் கோடியில் யாராவது இருமினால், தலையைத் திருப்பாமலே "இது தூசி இருமல்", "இது சிகரெட்", "இது யார்கிட்டயோ வாங்கிட்டு வந்த இருமல்" என்று தரம் பிரித்துவிடுவாள். பெரும்பாலும் சரியாக இருக்கும். ஆனாலும் தன் காதை அவள் நம்புவதில்லை, சோதனை அட்டையைத்தான் நம்புவாள். மூக்கில் எடுத்ததைச் சொட்டுவிட்டுப் பதினைந்து நிமிஷம் காத்திருந்தால், கிருமி இருப்பவருக்கு அட்டையில் இரண்டாவது கோடு எழும். போன வாரம் ஒரு தையல்காரருக்கு அந்தக் கோடு மங்கலாக, இருக்கிறதா இல்லையா என்பது மாதிரி எழுந்தது. பதினாறு வருஷம் கழித்து வரும் அண்ணனை அழைத்துவர அன்று சாயங்காலம் அவர் விமான நிலையம் போக வேண்டும். "இது கோடே இல்லம்மா, கீறல். நீங்க முதல்ல கண்ணாடிய மாத்துங்க" என்று மன்றாடினார். "மங்கலா இருந்தாலும் கோடு கோடுதான்" என்றாள் அக்கா. மனிதர் அவளை முறைத்துக்கொண்டே போனார்.

இப்படிப்பட்டவளுக்கு ஐந்து வாரமாகத் தலைகால் புரியவில்லை. அவள் தங்கைக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. அதுவும் ஏழு வாரம் முன்னதாகவே, அவசர அவசரமாக. பிறந்தபோது ஒன்றரைக் கிலோகூட இல்லை. பெரிய ஆஸ்பத்திரியின் தனிப்பிரிவில், கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். அம்மா, அப்பா தவிர யாருக்கும் உள்ளே அனுமதி இல்லை. பெரியம்மாவாகிவிட்ட அக்கா, குழந்தையை ஃபோன் திரையில் மட்டும்தான் பார்த்திருக்கிறாள். அந்தப் பிரிவின் வாசலில் நின்ற காவலாளியிடம், "நானும் நர்ஸ்தான்" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். அவன் அசையவில்லை. திரும்பி வரும்போது, "நல்ல ஆளாப் பாத்துதான் போட்டிருக்காங்க" என்று பாராட்டினாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

குழந்தை வியாழக்கிழமை வீட்டுக்கு வருவதாக முடிவானது. அக்கா அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்தாள். டாக்டர் அந்தக் காகிதத்தை இரண்டு முறை படித்தார்; பத்தொன்பது வருஷத்தில் அவள் கையெழுத்தில் விடுப்பு என்ற சொல்லை அவர் பார்த்ததில்லை. நகத்தை ஒட்ட வெட்டினாள். வளையல், மோதிரம் எல்லாவற்றையும் கழற்றி வைத்தாள். அன்றைக்கு உடுத்தத் துவைத்த துணியை ஒரு பையில் போட்டு மூடி ஒட்டினாள். புதன்கிழமை மேசைக்காரி எதையோ எடுக்கச் சாமான் அறைக்குள் போனபோது, அக்கா ஒரு லிட்டர் சலைன் பாட்டில் இரண்டைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு, மெல்ல அசைந்தபடி நின்றாள்.

"என்னடி பண்றே?"

"ரெண்டு கிலோ எப்படி இருக்கும்னு பாக்கறேன். நேத்து எடை போட்டாங்களாம், ரெண்டு கிலோ நூறு."

"தலைப்பக்கம் எது?"

"மூடி இருக்கிற பக்கம்" என்றாள் அக்கா, சிரிக்காமல். மேசைக்காரிக்குத்தான் ஏனோ கேலி பண்ண வாய் வரவில்லை.

தங்கையின் வீட்டுக் கதவில் ஒரு காகிதத்தையும் அக்கா முன்கூட்டியே போய் ஒட்டிவிட்டு வந்திருந்தாள். சுற்றறிக்கை பாணியில், எண் போட்டு, தன் கைப்பட எழுதியது. 'இருமல், சளி, தொண்டை வலி, காய்ச்சல் உள்ளவர்கள் உள்ளே வரக்கூடாது. சொந்தக்காரர்களும்தான்.' கடைசிச் சொல்லுக்கு அடியில் இரண்டு கோடு. தங்கையின் மாமியார் அதைப் படித்துவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "தூக்கட்டும். குழந்தையத் தூக்காம இருந்தா சரி" என்றாள் அக்கா.

வியாழக்கிழமை காலையில் எழுந்தபோது அக்காவுக்குத் தொண்டை கரகரத்தது.

ராத்திரி ஃபேன் காற்று என்று சொல்லிக்கொண்டாள். நேற்று குடித்த குளிர்ந்த தண்ணீர் என்று சொல்லிக்கொண்டாள். தொண்டை கரகரத்தால் வேலைக்கு வரக்கூடாது என்று சுவரில் ஒட்டியவளே அவள்தான். ஆனால் வீட்டில் இருந்துவிட்டால் அது என்னவென்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே! முகக்கவசத்தைக் கண்ணுக்குக் கீழே வரைக்கும் இழுத்துக் கட்டிக்கொண்டு கிளினிக்குக்கு வந்தாள். பெரியவரை அந்தரத்தில் நிற்கவைத்தாளே, அது அன்றைக்குத்தான். பத்து மணிக்கு நடையில் யாரும் இல்லாதபோது ஒரே ஒரு தடவை இருமினாள்.

மேசைக்காரி தலையை நிமிர்த்தினாள். "என்னடி அது?"

"தூசி."

"தூசி இருமலா, இல்ல யார்கிட்டயாவது வாங்கிட்டு வந்த இருமலா?"

அக்கா பின்வாசல் நடைக்குப் போய்க் கண்ணாடி முன்னால் நின்று, தன் பெயரை எழுதி ஒட்டி, தனக்குத்தானே குச்சி விட்டுக்கொண்டாள். அட்டையை வைத்துவிட்டுப் பதினைந்து நிமிஷம் அந்தப் பக்கமே பார்க்காமல் நின்றாள். ஒரே கோடு. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாருடி, ஒண்ணும் இல்ல! தூசிதான்னு சொன்னேனே!" என்று எட்ட நின்றபடியே அட்டையைத் தூக்கிக் காட்டினாள்.

மேசைக்காரி கதவோரம் சாய்ந்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். "ஏன்டி, எங்களுக்கெல்லாம் மூளை வரைக்கும் போற குச்சி, உனக்கு மட்டும் வாசல்லயே நின்னு நலம் விசாரிச்சுட்டு வந்துருச்சே?"

"எனக்குத் தெரியாதா எவ்ளோ தூரம் விடணும்னு?" அக்காவுக்குச் சுர்ரென்று கோபம் வந்தது.

"உனக்குத்தான் தெரியும்" என்றாள் மேசைக்காரி, இந்தத் தடவை கேலி இல்லாமல்.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். மணி பத்தரை. ஒரு மணிக்குத் தங்கை வீடு. பையில் ஒட்டி வைத்த துணி, வெட்டிய நகம், வளையல் இல்லாத கை. இந்த ஒற்றைக் கோட்டோடு அவள் கிளம்பிப் போனால் ஏனென்று கேட்க யாரும் இல்லை. குச்சி எவ்வளவு தூரம் போனது என்று அட்டையில் எழுதியா இருக்கிறது? ஐந்து வாரம் காத்திருந்தவளுக்கு ஐந்து நிமிஷம், கையில் வாங்கினால் போதும், அதற்குள் என்ன ஆகிவிடும்? என்ன ஆகும் என்று அந்தக் கட்டடத்திலேயே நன்றாகத் தெரிந்தவள் அவள்தான். அதுதான் அவளுடைய கஷ்டம்.

"டாக்டர்" என்று குரல் கொடுத்தாள். "கொஞ்சம் பின்பக்கம் வாங்க. எனக்கு எடுக்கணும்."

டாக்டர் உடுப்பை மாட்டிக்கொண்டு வந்தார். எட்ட உட்கார்ந்தபடியே அக்கா அவரைத் தலையிலிருந்து கால் வரை சரிபார்த்தாள். "மாஸ்க் ஓரத்த அமுக்குங்க. ஊதுங்க. காத்து வருதா?"

"வரல சிஸ்டர்." பிறகு அவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒன்றும் தெரியாதவர் மாதிரி கேட்டார்: "பேரு, பிறந்த தேதி, நீங்களே உங்க வாயால சொல்லுங்க."

அக்கா அவரை முறைத்தாள். வேறு வழியில்லை. தேதியை முணுமுணுத்தாள். கதவுக்கு அப்பாலிருந்து உடனே சத்தம் வந்தது: "அடிப்பாவி! என்கிட்ட சொன்னதுல ரெண்டு வருஷம் எங்கடி போச்சு?"

"மூக்குல தண்ணி ஏறுன மாதிரி இருக்கும், அவ்ளோதான்" என்றார் டாக்டர். ஆயிரக்கணக்கான மூக்குகளைப் பார்த்த அக்கா, குச்சி தொட்டதுமே தலையைப் பின்னால் இழுத்தாள். "இழுக்காதீங்க சிஸ்டர். நானும் பின்னாலயே வருவேன்" என்றார், வந்தார். அவள் கண்ணில் தண்ணீர் முட்டியது. இவ்வளவு வலிக்கும் என்று இத்தனை வருஷமாக ஒருத்தரும் சொல்லவில்லையே என்று நினைத்தாள். எல்லோரும் சொல்லித்தான் இருந்தார்கள்.

பதினோராம் நிமிஷம் இரண்டாவது கோடு வந்தது. வெளிறிப் போய், இருக்கிறதா இல்லையா என்பது மாதிரி. அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தாள். அட்டையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். நிமிர்த்திப் பார்த்தாள். கோடு அங்கேயேதான் இருந்தது. அவளுக்குத் தையல்காரரின் முகம் ஞாபகம் வந்தது.

"ரொம்ப மங்கலாத்தான் இருக்கு சிஸ்டர்" என்றார் டாக்டர், பாவம், வேறென்ன சொல்வது என்று தெரியாமல்.

"மங்கலா இருந்தாலும் கோடு கோடுதான் டாக்டர்." சொல்லிவிட்டு அக்கா அழுதாள். ஒளிக்காமல், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள். டாக்டர் ஆறுதலாக ஓர் அடி எடுத்து வைத்தார். "கிட்ட வராதீங்க!" என்று அதட்டினாள். "முதல்ல கிளவுஸ். அப்புறம் கை. கவுன்..." அழுகைக்கு நடுவிலேயே கடைசிக் கை வரைக்கும் அவளே சொல்லி முடித்தாள். கிளினிக்கில் விதி மீறியவர்களைக் குறித்துவைக்கும் நோட்டு ஒன்று அவளிடம் உண்டு. பக்கத்துக்குப் பக்கம் டாக்டரின் பெயர்தான் இருக்கும். அதை எடுத்து, 'தொண்டை கரகரப்போடு வேலைக்கு வந்தது' என்று எழுதி, பக்கத்தில் தன் பெயரை எழுதினாள். பிறகு நோட்டையும் துடைத்து, ஒரு நிமிஷம் நின்றுவிட்டுக் கிளம்பினாள்.

வழியில் தங்கையிடம் ஃபோனில் சொன்னாள்.

"எத்தன நாள்க்கா?"

"பத்து நாள்னு வச்சுக்கோ. இருமல் சுத்தமா நிக்கணும்."

"நீதான் முதல்ல தூக்கணும்னு மாமியார்கிட்டகூட குடுக்காம வச்சிருந்தேன்."

"குடுக்காத. அவங்க கைய கழுவ மாட்டாங்க" என்றாள் அக்கா.

"ஜன்னல் பக்கமாவது வந்துட்டுப் போக்கா."

தங்கை வீடு தரைத்தளம். அக்கா பழக்க தோஷத்தில் முன்கதவுக்கே போய்விட்டாள். அங்கே அவள் கையெழுத்து அவளுக்காகக் காத்திருந்தது. சொந்தக்காரர்களும்தான். அடியில் இரண்டு கோடு, இரண்டும் நல்ல அழுத்தமாக. வந்த சுவடு தெரியாமல் திரும்பி, சைக்கிள் நிறுத்தும் பக்கச் சந்தில் நுழைந்து, மூடிய ஜன்னலுக்கு வெளியே நின்றாள்.

உள்ளே தங்கை குழந்தையைக் கண்ணாடிக்கு அருகே தூக்கிப் பிடித்தாள். சலைன் பாட்டில் மாதிரியெல்லாம் இல்லை. சிவப்பாக, சுருக்கமாக, நெற்றியில் ஏதோ பெரிய யோசனையோடு இருந்தது. கொட்டாவி விட்டது. விரல்களை விரித்துக் கண்ணாடிப் பக்கமாக நீட்டியது. அந்தக் கை முழுவதும் அக்காவின் கட்டைவிரல் அளவுகூட இல்லை. அக்கா தன்னையறியாமல் உள்ளங்கையை ஜன்னலில் வைத்துவிட்டாள்.

சட்டென்று கையை எடுத்தாள். கண்ணாடியில் அஞ்சு விரலும் பதிந்திருந்தன. பையைத் துழாவி, எப்போதும் வைத்திருக்கும் கிருமிநாசினித் துணியை எடுத்து, மேலிருந்து கீழே, ஒரே திசையில், துடைத்தாள்.

"வெளிப்பக்கம்தானேக்கா, அத யார் தொடப் போறாங்க?" என்றாள் தங்கை ஃபோனில்.

"ஈரம் ஒரு நிமிஷம் நிக்கணும்" என்றாள் அக்கா. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அந்தச் சந்தில் கடிகாரம் எதுவும் இல்லை. குழந்தையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஈரம் ஓரங்களிலிருந்து காய்ந்து, நடுவில் ஒரு காசளவு சுருங்கி, அதுவும் போனது.

"ஒரு நிமிஷம் ஆச்சுக்கா" என்றாள் தங்கை மெதுவாக. "நீ போய்ப் படு."

அக்கா பையிலிருந்து இன்னொரு துணியை உருவி, அதே இடத்தை மறுபடியும் துடைத்தாள்.